வயலுக்கு மேலே ஓடும் வாய்க்கால்: குட்டநாட்டில் துடுப்புப் படகும் ஓர் இரவுத் தங்கலும்

வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்வதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். வயலில் நிற்கும் தண்ணீரை மேலே தூக்கி வாய்க்காலில் கொட்டினால்தான் விதைக்கவே முடியும் என்ற ஊர் ஒன்று உண்டு. அது கேரளத்தின் குட்டநாடு. ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் இந்தத் தாழ்நிலத்தில், கடல்மட்டத்தைவிட அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்ந்த வயல்களில் நெல் விளைகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் இதை உலகின் முக்கியமான வேளாண் பாரம்பரிய முறைகளில் ஒன்றாக அறிவித்தது.

சுற்றுலாப் பயணிகளுக்கு ஆலப்புழை என்றால் படகு வீடு. ஆனால் அந்தப் பெரிய படகுகள் அகலமான ஆற்றிலும் காயலிலும்தான் போகும். வயலை ஒட்டிய சின்னத் தோடுகளுக்குள் நுழைய அவற்றால் முடியாது. அங்கே நுழைவது கயாக். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை உள்ள துடுப்பால் தள்ளிச் செல்லும் குறுகலான படகு அது. வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்கள் தோலால் செய்து வேட்டைக்குப் பயன்படுத்திய படகுதான் இன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. முன்பின் துடுப்பு பிடித்திராதவரும் வழிகாட்டியோடு காலை நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் போய்வரும் பயணங்கள் ஆலப்புழையையும் கைநகரியையும் சுற்றி நடக்கின்றன. மாலையில் புறப்பட்டு, கரையில் ஒரு வீட்டில் இரவு தங்கி, விடியலில் மறுபடி துடுப்பு போடுகிறவர்களும் உண்டு. விவசாயக் குடும்பத்துக்கு இந்த ஊர் காட்டும் காட்சிகள் பல. அதோடு, யோசிக்கவைக்கும் விஷயங்களும் இங்கே உண்டு.

பெயரிலேயே ஆழம்

குட்டம் என்றால் தமிழில் ஆழம், ஆழமான நீர்நிலை. குட்டை என்ற சொல் இன்றும் நம் பேச்சில் இருக்கிறது. பழைய இலக்கண உரைகள் கொடுந்தமிழ் நாடுகள் என்று பன்னிரண்டைக் கணக்கிடுகின்றன. குட்டநாடு அவற்றில் ஒன்று. சேர மன்னர்கள் குட்டுவன் என்று பட்டம் சூடியதும் இந்த நாட்டை வைத்துத்தான்.

பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி, இந்தத் தாழ்நிலத்தின் வழியாக வேம்பநாட்டுக் காயலில் சேர்கின்றன. ஆறு கொண்டுவந்த வண்டலும் காயலின் சேறும் சேர்ந்ததுதான் இந்த மண். தண்ணீருக்குள் தென்னைமரக் கட்டைகளை இரண்டு வரிசையாக இறக்கி, மூங்கில் தட்டி கட்டி, நடுவே மணலும் தழையும் களிமண்ணும் நிரப்பிக் கரை எழுப்பினார்கள். களிமண்ணைக் காயலுக்குள் மூழ்கி மூழ்கி வெட்டியெடுத்தார்கள் தொழிலாளிகள். கரை நின்றதும் உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தார்கள். அடியில் கிடந்த சேறு வயலானது. சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்ற பெயர்களில் இன்றும் இருக்கும் காயல் நிலங்கள் 1940-களில் இப்படி மீட்கப்பட்டவை.

ஒரே கரைக்குள் அடங்கும் வயல்தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். உள்ளே பலருடைய துண்டு நிலங்கள் இருக்கும். ஆனால் கரை ஒன்று, தூம்பு ஒன்று, இறைப்பும் ஒன்று. ஒருவர் மட்டும் தனியாக விதைக்கவோ தண்ணீர் விடவோ முடியாது. எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் ஒருவருக்கும் விளையும்.

துடுப்பு பிடிக்கும் முதல் அரைமணி

புதியவர்களுக்குப் பெரும்பாலும் மேல்பக்கம் திறந்த, அகலமான கயாக்கைத்தான் தருவார்கள். கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ளும் பயம் இல்லை. ஏறும்போது நின்றுகொண்டு கால் வைக்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து, படகின் நடுப்பகுதியில் உடல் எடையை இறக்கி, பிறகு காலை நீட்ட வேண்டும். மிதவைச் சட்டையின் வார்கள் உடலோடு ஒட்டி இறுகியிருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் சட்டை காதுவரை ஏறினால், அது சரியாகக் கட்டப்படவில்லை என்று அர்த்தம்.

துடுப்பைத் தோளைவிடச் சற்று அகலமாகப் பிடித்து, தட்டையைப் பாதத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறக்கி, இடுப்பு வரை இழுத்து எடுப்பதுதான் அடிப்படை. கையால் மட்டும் இழுப்பவருக்குப் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். நாற்று நடும்போதும் கதிர் அறுக்கும்போதும் இடுப்பிலிருந்து திரும்புகிற உடலுக்கு இது சீக்கிரம் பிடிபடும். வலதுபக்கம் திரும்ப, இடதுபக்கத்தில் அகலமாக ஒரு வீச்சு. நிற்க வேண்டுமென்றால் பின்னோக்கி இரண்டு தள்ளு. இருவர் ஓட்டும் படகில் முன்னால் இருப்பவர் தாளம் பிடிப்பார், பின்னால் இருப்பவர் திசை பார்ப்பார். கணவன் மனைவி முதன்முறை சேர்ந்து ஏறும்போது முதல் கால்மணி நேரம் படகு கரையில் முட்டிக்கொண்டே போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

பெரிய படகு கடந்துபோய் அலை வந்தால், விலகி ஓடக் கூடாது. படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினால் ஏறி இறங்கிவிடும். பக்கவாட்டில் வாங்கினால்தான் கவிழும். தாழ்வான நடைபாலத்தின் அடியில் போகும்போது பக்கம் சாயாமல் முன்னால் குனிய வேண்டும். கவிழ்ந்தே விட்டால் முதலில் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், துடுப்பையும் விடக் கூடாது. மிதவைச் சட்டை தூக்கிப் பிடிக்கும், வழிகாட்டி வந்துவிடுவார்.

படகிலிருந்து தெரியும் வயல்

தோட்டில் படகு போகும்போது முதலில் தெரிவது கரையில் வரிசையாக நிற்கும் தென்னை, வாழை, ஒற்றை வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டின் முன்னும் படித்துறை, அதில் கட்டிய ஒரு வள்ளம். பள்ளிப்பிள்ளைகளும் பால்காரரும் நோயாளியும் அதில்தான் போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது படகில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வழிகாட்டி ஓரிடத்தில் படகை நிறுத்தி, கரைமேல் ஏறச் சொல்லும்போதுதான் தெரியும். இந்தப் பக்கம் தோட்டுத் தண்ணீர் கால்விரலைத் தொடும் உயரத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் பச்சை நெல் நிற்கிறது. நடுவே இருப்பது ஒரு மண்வரப்பு, அதன்மேல் ஒரு குடும்பம்.

தண்ணீரை வெளியேற்றும் பொறிக்கு 'பெட்டியும் பறையும்' என்று பெயர். பறை என்பது நின்ற நிலையில் இருக்கும் உருளை. அதற்குள் விசிறி சுழன்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. பெட்டி என்பது அந்தத் தண்ணீரைக் கரையைத் தாண்டி வெளியே கொண்டுபோகும் மரப்பெட்டி. மோட்டாரும் நீளமான பட்டையும் அதை ஓட்டுகின்றன. ஆழ்துளைக் கிணற்றில் பல நூறு அடியிலிருந்து கொஞ்சமாக இழுக்கும் மோட்டாருக்கு இது நேர் எதிர். தூக்கும் உயரம் மிகக் குறைவு, தள்ளும் தண்ணீர் மிக அதிகம். இது வருவதற்கு முன்பு மரச்சக்கரத்தில் ஆட்கள் ஏறி நின்று இரவும் பகலும் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றினார்கள்.

இங்கே முக்கியப் போகத்துக்குப் புஞ்சை என்று பெயர். தமிழ்நாட்டில் புஞ்சை என்றால் மானாவாரி மேட்டு நிலம். குட்டநாட்டிலோ தண்ணீருக்குள் விளையும் நெல்தான் புஞ்சை. மழை ஓய்ந்து, இறைப்பு முடிந்து, அக்டோபர், நவம்பரில் முளைகட்டிய விதையைச் சேற்றில் தெளிக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் அறுவடை. மங்கொம்பில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த உமா ரகம்தான் பெரும்பாலான வயல்களில். அறுவடை இயந்திரங்கள் பல தமிழ்நாட்டிலிருந்து லாரியில் போய், பிறகு மிதவைப் படகில் ஏற்றப்பட்டு வயலுக்குள் இறங்குகின்றன. அறுவடை முடிந்ததும் தூம்பைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடுகிறார்கள். வாத்துக் கூட்டங்கள் சிந்திய நெல்லைப் பொறுக்க இறங்குகின்றன. சில பாடசேகரங்களில் அடுத்த விதைப்பு வரை மீன் வளர்க்கிறார்கள்.

எல்லா மண்ணும் ஒன்றல்ல. 'கரி நிலம்' என்று சொல்லப்படும் கறுப்பு மண்ணில் புளிப்புத்தன்மை அதிகம், புதைந்த மரத்துண்டுகள் இன்னும் உள்ளே கிடக்கும். அதற்குச் சுண்ணாம்பு போடாமல் பயிர் எடுக்க முடியாது. வேம்பநாட்டுக் காயலில் அள்ளும் கக்கா சிப்பியைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பு இதற்குப் பயன்பட்டுவந்திருக்கிறது.

உப்பும் வெள்ளமும்

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் உப்பு காயல் வழியாக ஏறி வரும். அதைத் தடுக்க, வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே சுமார் 1,400 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்முக்கம் தடுப்பணை 1970-களில் வந்தது. டிசம்பர் நடுவில் மதகுகளை மூடி, மார்ச் நடுவில் திறப்பது என்பது ஏற்பாடு. அறுவடை தாமதமானால் திறப்பதும் தள்ளிப்போகும். நெல் விவசாயிக்கு மதகு மூடியிருக்க வேண்டும். மீனவருக்குத் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் உப்பும் நன்னீரும் கலந்தால்தான் மீனும் இறாலும் ஏறி வரும். மூடிக் கிடக்கும் மாதங்களில் தண்ணீர் தேங்கி, ஆகாயத்தாமரை தோடுகளை அடைக்கிறது. கயாக்கில் போகிறவர் அந்த மெத்தையில் மாட்டி, துடுப்பால் விலக்கி விலக்கிப் போகும்போது இந்தச் சண்டையின் ஒரு பகுதியைக் கையாலேயே உணரலாம்.

மழைக்காலத்தில் சிக்கல் தலைகீழ். மலையிலிருந்து வரும் வெள்ளத்தைக் கடலுக்கு வடிக்க 1950-களில் தோட்டப்பள்ளியில் வடிகால் கட்டப்பட்டது. ஆனாலும் வெள்ளம் மிஞ்சினால் கரை உடைகிறது. அதை அங்கே 'மடவீழ்ச்சை' என்பார்கள். மடை உடைந்துபோவதைக் கண்ட டெல்டா விவசாயிக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே உடைந்த மடையின் வழியாக வாய்க்கால் முழுவதும் வயலுக்குள் இறங்கிவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெரும்பாலோர் வீட்டை விட்டு வெளியேறி முகாம்களுக்குப் போனார்கள். தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆனது. அதன் பிறகு மேட்டுப் பகுதிக்கே நிரந்தரமாகப் போய்விட்ட குடும்பங்கள் உண்டு. தோட்டோரம் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரையில் ஓர் இரவு

வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல ஆற்றங்கரையில் பிடித்த இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று நினைத்து யாரும் வரக் கூடாது. குட்டநாட்டில் கூடாரம் அடிக்கும்படியான பொதுநிலம் கரையில் கிடைப்பது அரிது. பெரும்பாலான இடத்துக்கு உரிமையாளர் உண்டு. புதிதாகச் சேறு போட்டுப் பலப்படுத்திய கரையில் கூடாரத்துக்கு முளை அடித்தால், அந்த ஓட்டை வழியே கசிவு தொடங்கலாம். இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும் குறுகிய வரப்பில் ஒதுங்கவும் இடம் இல்லை. அந்தக் கழிவு போய்ச் சேர்வது அடுத்த வீட்டார் பாத்திரம் கழுவும் துறையில்தான். ஆகவே கழிப்பறை வசதியோடு தங்க இடம் தரும் வீடுகளே சரியான வழி. முற்றத்தில் கூடாரம் போட அனுமதி உண்டா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். வழியில் இறங்கி இளைப்பாற வேண்டுமென்றாலும், "சேட்டா, இங்கே கொஞ்ச நேரம் ஏறலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவது முறை. தமிழில் கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

பொழுது சாய்ந்ததும் தோட்டில் துடுப்பு போடக் கூடாது. மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. படகு வீடுகளும் அதற்காகத்தான் மாலையில் கரை ஒதுங்குகின்றன. இரவில் ஓதத்துக்கு ஏற்பத் தண்ணீர் கொஞ்சம் ஏறி இறங்கும். கயாக்கைக் கரைக்கு முழுக்க இழுத்துவைக்க வேண்டும், தூம்பின் கட்டைகளில் கட்டக் கூடாது. சாப்பாட்டுக்குச் செம்புழுங்கல் சோறு, கரிமீன், கப்பைக்கிழங்கு கிடைக்கும். விதைப்புக் காலமாக இருந்தால் இரவு முழுக்கப் பெட்டிப்பறை ஓடும் சத்தம் கேட்கும். தூக்கம் கெடுகிறதே என்று புதியவர் நினைக்கலாம். அந்தச் சத்தம் நின்றால்தான் வீட்டுக்காரர் எழுந்து உட்காருவார்.

அலையும் வருமானமும்

ஒரு காலத்தில் இந்தத் தோடுகளில் நெல் மூட்டை ஏற்றிப்போனவை கெட்டுவள்ளங்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள். சாலை வந்ததும் அவற்றுக்கு வேலை போனது. அவைதாம் பிறகு கூரை போட்டுப் படகு வீடுகளாயின. இயந்திரம் பொருத்திய பெரிய படகு கிளப்பும் அலை, மண்கரையை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. கரையைத் திரும்பக் கட்டும் செலவும் வேலையும் பாடசேகரத்தின் தலையில் விழுகிறது. படகு வீட்டில் கட்டணம் கட்டிப் போகிறவரின் பணம் அந்தக் கரைக்காரருக்கு வருவது அரிது.

கயாக் அலை எழுப்புவதில்லை. அது போகும் வேகத்தில், ஒரு டீக்கும் மதிய உணவுக்கும் இரவுத் தங்கலுக்கும் கரையிலுள்ள வீடுகளில்தான் நிற்க வேண்டும். அந்தப் பணம் கரைமேல் வசிப்பவர் கைக்கே போகிறது. இதனால் மட்டும் குட்டநாட்டு நெல் பிழைத்துவிடாது. ஆனால் ஒரு போகம் வெள்ளத்தில் போன வீட்டில், மாதத்துக்கு நான்கு விருந்தினர் வந்தாலும் அது கைச்செலவுக்கு உதவும். விதைத்த வயலில் இறங்காமலும், வாத்துக் கூட்டத்தைக் கலைக்காமலும், பிளாஸ்டிக் உறையைத் தண்ணீரில் விடாமலும் போவது விருந்தினரின் பங்கு. தோட்டில் விட்ட உறை, தூம்பு திறக்கும்போது வயலுக்குள்தான் போய்ச் சேரும்.

எப்போது, எப்படி?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் நேரத்தில் குட்டநாட்டுப் புஞ்சை பச்சையாக நிற்கும். ஜூன் முதல் மழைக்காலத்தில் புதியவர்கள் துடுப்பு போட வேண்டாம், நீரோட்டம் வேகமாக இருக்கும். சென்னையிலிருந்து கோவை வழியாக ஆலப்புழைக்கு நேரடி ரயில் உண்டு. தென்மாவட்டத்தார் தென்காசி, புனலூர், கொல்லம் வழியாகப் போகலாம். கயாக் வேண்டாம் என்கிற வயதானவர்களுக்குக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு இருக்கிறது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு இரண்டரை மணி நேரம், உள்ளூர் மக்களோடு, மிகக் குறைந்த கட்டணத்தில் போகலாம்.

வாசகர்களுக்கு எழக்கூடிய மூன்று கேள்விகள்

*நீச்சல் தெரியாதவர் போகலாமா?*
மிதவைச் சட்டையும் வழிகாட்டியும் இருந்தால் சின்னத் தோடுகளில் போகலாம். காயலின் நடுவுக்குப் போக வேண்டாம். நீச்சல் தெரியாதது, வலிப்பு, இதய நோய் இவற்றைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

*தண்ணீரால் நோய் வருமா?*
தோட்டுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் குட்டநாட்டில் அடிக்கடி வருவது. வயலில் வேலை செய்பவர்களுக்கு வருவதுபோலவே, கால் கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக அது நுழையும். காயம் இருந்தால் ஒட்டுப்போட்டு மூட வேண்டும், ஆறாத காயம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். திரும்பிவந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் இருந்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*இதேபோல ஒரு படகை வாங்கி நம் ஊர்ப் பாசன வாய்க்காலில் விடலாமா?*
கூடாது. குட்டநாட்டுத் தோடு கிட்டத்தட்ட நிற்கும் தண்ணீர். அணையிலிருந்து திறந்துவிடும் பாசன வாய்க்கால் ஓடும் தண்ணீர். சிமெண்ட் பூசிய சரிவில் பாசி படிந்திருக்கும், விழுந்தவர் பிடித்து ஏற முடியாது. மதகும் அடிப்பாலமும் ஆளை உள்ளே இழுத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் குட்டநாடு போய்வந்த ஆசையில் வாழைத்தண்டையோ டியூபையோ எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கப் பார்த்தால், இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே துடுப்புப் படகில் போய்வர, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது.